மேரி வரைந்த வாளி

1

இன்று காலை ஈப்போ குடிநுழைவு அலுவலகத்துக்குத் தங்கும் பாஸ் புதுப்பிக்கப் போய், மத்தியானம் வரை காத்துக் கிடந்தேன். நான் இந்த ஊருக்கு வந்து பத்து வருடம் ஆகிறது. பத்து வருடமாக அதே மர பெஞ்சு, அதே மின்விசிறி, 'நாளைக்கு வாருங்கள்' என்ற அதே பதில். இந்தத் தடவை கவுன்ட்டரில் ஒரு புது இளைஞர். பாஸ்போர்ட்டைப் புரட்டிக்கொண்டே "கெர்ஜா அப்பா?" என்றார். மலாயில் 'என்ன வேலை' என்று பொருள். வந்த புதிதில் இதே கேள்விக்கு என் தகப்பனார் பார்த்த வேலையைச் சொன்னவள் நான். இப்போது தேறிவிட்டேன். ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் படக்கதை வரையச் சொல்லிக்கொடுக்கிறேன், சம்பளம் கிடையாது என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். அவர் பக்கத்து மேசைக்காரரிடம் ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டு, 'இல்லத்தரசி' என்று எழுதிக்கொண்டார்.

வெயிலில் வீடு வந்து சேர்ந்தால் மன்னார்குடியிலிருந்து தங்கையின் கடிதம் காத்திருக்கிறது. வழக்கம்போல நைலான் புடவை, டார்ச் லைட், கோடாலித் தைலம் எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் ஒரு வரி: "உனக்கென்ன அக்கா, வாரத்தில் ஒருநாள் குழந்தைகளோடு உட்கார்ந்து பொம்மை போடுகிறாய். கொடுத்துவைத்தவள்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளுக்கு மட்டும் தனியாகப் பதில் எழுத எனக்குப் பொறுமை இல்லை. அவளைப்போல நினைத்துக்கொண்டிருக்கும் எல்லாருக்குமாகச் சேர்த்து, போன வருடம் அந்தப் 'பொம்மை' என்ன பாடு படுத்தியது என்று எழுதிவிடுகிறேன்.

2

என் வீட்டுக்காரருக்கு ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை. வீடும் அங்கேயே. சனிக்கிழமை விடிந்ததும் நான் ஈப்போவுக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்துத் தோட்டத்து முச்சந்தியில் இறங்குவேன். பிறகு செம்மண் சடக்கில் நடை. சாலையை இங்கே சடக்கு என்பார்கள். மழை பெய்தால் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். தோட்டத்தின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் அங்கே சிலருக்குச் சங்கடம், எனக்கும் பாஸ் விஷயத்தில் சங்கடம்.

தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் இரண்டே அறைகள். அதில் ஒன்றில் ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை உட்கார வைத்துச் சித்திரம் சொல்லிக்கொடுக்கப் பெரிய வாத்தியார் அனுமதி கொடுத்திருந்தார். பெரிய வாத்தியார் என்றால் தலைமையாசிரியர். முதல்நாள் நான் ரப்பர் மரம் என்றதும் பிள்ளைகள் சிரித்தார்கள். கித்தா மரம் என்று சொல்ல வேண்டுமாம். "டீச்சர் சினிமாவுல பேசுற மாரியே பேசுறாங்க லா" என்று பின்பெஞ்சில் ஒரு குரல் கேட்டது.

உங்கள் வீட்டில் நடந்ததை ஆறு கட்டத்தில் வரைந்து காட்டுங்கள் என்றேன். அத்தனை பேரும் ராஜாவையும் வாளையும் பாம்பையும் வரைந்தார்கள். தோட்டத்தில் எந்த ராஜா இருக்கிறார் என்று கத்தினேன். அடுத்த வாரமும் ராஜா வந்தார், இந்தத் தடவை குதிரையோடு. நடக்காததை வரைந்தால் கிழித்துப்போடுவேன் என்று மிரட்டிய பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாக அடுப்பும் தண்ணீர்க் குழாயும் கித்தாப் பால்வாளியும் தாளில் வரத் தொடங்கின.

அதோடு என் பாடு முடிந்ததா என்றால் இல்லை. எல்லாப் பிள்ளைகளும் கட்டங்களைச் சாய்த்தே போட்டார்கள். இடப்பக்கம் மேலே தூக்கி, வலப்பக்கம் கீழே இறங்கி, தாளே சரிந்து விழுவதுபோல இருக்கும். நான் அடிக்கோலை வைத்து நேராக்கிக் கொடுத்தால் மறுவாரம் திரும்பவும் சாய்வு. ஒட்டுமொத்த வகுப்புக்கும் கண்ணில் கோளாறா என்றுகூட யோசித்தேன். கடைசியில் சாந்தி என்ற பெண்தான் எழுந்தாள். பதினொரு வயது, எண்ணெய் வழியும் இரட்டைப் பின்னல்.

"மரத்துல இப்படித்தானே டீச்சர் வெட்டுவாங்க? நேரா வெட்டுனா பால் எப்படி எறங்கும்?"

"இது மரம் இல்லை, தாள். இதில் பால் இறங்க வேண்டாம்."

"கத எறங்கணும்ல டீச்சர்?" என்றாள் பக்கத்தில் இருந்த மேரி.

இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அடிக்கோலைப் பையில் போட்டுக்கொண்டேன். சாந்தியும் மேரியும் ஒரே பெஞ்சு, ஒரே லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், எதிரெதிர் வீடு, இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு சிவப்பு வண்ணக்குச்சி.

3

கும்பகோணத்தில் நான் சித்திரம் படித்தபோது மூன்று வருடம் கத்தரிக்காய் வரைந்தேன். காம்போடு கத்தரிக்காய், காம்பில்லாத கத்தரிக்காய், தட்டில் வைத்த கத்தரிக்காய். எங்கள் வீட்டில் அப்போது அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பாகப்பிரிவினைச் சண்டை. ஒரு கூடத்தில் இரண்டு அடுப்பு எரிந்தது. அதைப் பற்றி ஒரு கோடு போட எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எனக்கும் தோன்றவில்லை. பரீட்சையில் கத்தரிக்காய்க்கு நல்ல மதிப்பெண் வாங்கிக்கொண்டு வந்து அந்தக் கூடத்தில் உட்கார்ந்து அழுதேன். இங்கே வந்து இந்தப் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

பெரிய வாத்தியாருக்கு இது எதுவும் பிடிக்கவில்லை. நல்ல மனிதர், ஆனால் எதைக் கண்டாலும் பயம். "டீச்சர், செம்பருத்திப் பூ வரையச் சொல்லுங்களேன். தேசிய மலர். யாருக்கும் சண்ட வராது" என்பார். பூ வேண்டாம் என்று நான் சொல்லிவிட்டதும் பேச்சுக்குமிழிகளைப் பிடித்துக்கொண்டார். பிள்ளைகள் பேசுகிறபடியே எழுதுவது தமிழுக்கு இழுக்காம். ஒரு பையன் படத்தில் அவன் அம்மா "பசியாறிட்டுப் போலாம்" என்று சொல்வதை அடித்து, "உணவு உண்டபின் செல்லலாம்" என்று சிவப்பு மையில் திருத்தினார். குமிழி கொள்ளாமல் எழுத்து அந்த அம்மாவின் மூக்கின்மேல் ஏறிவிட்டது. பையன் அதைப் பார்த்து, "இது எங்கம்மா இல்ல டீச்சர்" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

என் மகள் உமாவுக்கும் சாந்தி, மேரி வயதுதான். ஈப்போவில் ஆங்கிலம் பேசும் பெரிய பள்ளிக்கூடத்துத் தோழிகள். நான் பஸ் நிறுத்தத்தில் தமிழில் கூப்பிட்டால் காது கேட்காததுபோல நடப்பாள். ஒருதடவை வலுக்கட்டாயமாகத் தோட்டத்துக்கு அழைத்துப் போனேன். போகும் வழியெல்லாம் உடுப்புக்குமேல் உள்ளாடை அணிந்து பறக்கும் ஆட்களின் ஆங்கிலப் படக்கதையில் கண்ணைப் புதைத்திருந்தாள். வகுப்பில் ஒரு மூலையில் உட்கார்ந்து எல்லாத் தாளையும் பார்த்தாள். திரும்பும்போது, "அவங்க படத்துல யாருமே ஜெயிக்கலையே மா" என்றாள். பிறகு என்னோடு வரவே இல்லை.

4

இப்போது சண்டைக்கு வருகிறேன்.

வருட நடுவில் தோட்டம் கைமாறியது. புது முதலாளி கித்தா மரங்களைப் பகுதி பகுதியாகச் சாய்த்துச் செம்பனை நடப்போகிறார் என்றார்கள். புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறவர்களுக்கு வேலையும் வீடும் உண்டு, கூலி குறைவு. போடாதவர்கள் லயத்தைக் காலி செய்ய வேண்டும். பாதிப் பேர் போட்டார்கள். மீதிப் பேர் மாட்டோம் என்று காலையில் பெரட்டுக் களத்தில் போய் உட்கார்ந்தார்கள். பெரட்டுக் களம் என்பது விடியலில் ஆளெண்ணி வேலை பிரித்துக் கொடுக்கும் இடம்.

சாந்தியின் அப்பா பெருமாள் கையெழுத்துப் போட்டார். மனைவி படுத்த படுக்கை, வீடு போனால் எங்கே கிடத்துவது என்பது அவர் கவலை. மேரியின் அப்பா அந்தோணி போடவில்லை. பிறந்ததிலிருந்து இருக்கும் வீட்டில் இருக்க எவனிடம் கையெழுத்துப் போட்டுக் கேட்பது என்பது அவர் கேள்வி. இருவரும் அதுவரை மச்சான் மச்சான் என்று ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். எனக்கு இரண்டு பேர் பேச்சும் நியாயமாகவே பட்டது. அதுதான் பெரிய எரிச்சல். ஒரு பக்கத்தையாவது மனதாரத் திட்ட முடிந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

கிராணி, அதாவது தோட்டத்து ஆபீஸ் கணக்கர், ஒரு வேலை செய்தார். அந்தோணி பதினைந்து வருடமாகப் பால்வெட்டிய நிரையை, அந்த மரவரிசையை, பெருமாளுக்குக் கொடுத்துவிட்டார். அதோடு இரு வீட்டுப் பேச்சும் நின்றது. தண்ணீர்க் குழாயில் இரண்டு வரிசை. கோவில் பக்கமும் மாதா கெபிப் பக்கமும்கூட ஆள் பிரிந்து நின்றார்கள். என் வகுப்பில் பெஞ்சுகள் இடம் மாறின. சிவப்பு வண்ணக்குச்சியை யாரோ நடுவில் உடைத்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பள்ளி விடுமுறையின்போது ஒருநாள், பெருமாள் இரண்டு வாளியில் சேர்த்துவைத்த பால் அப்படியே உறைந்துபோயிற்று. பால் சேர்த்த வாளிகளை எடைக்குக் கொண்டு போகுமுன் சடக்கோரம் இறக்கிவைத்துவிட்டு மறுநடை போவார்கள். அந்த நேரத்தில் யாரோ, பாலை உறைய வைக்கும் அமிலத்தை ஊற்றிவிட்டார்கள். ஒருநாள் உழைப்பு முழுக்க விலை போகாத கட்டிப்பால். செய்தவன் யாரென்று தெரிந்தால் அன்றைக்கே போலீசில் கொடுத்து, வீட்டைப் பூட்டிச் சாமானைச் சடக்கில் போடுவேன் என்று கிராணி லயம் லயமாகப் போய்ச் சொன்னார். யாரும் வாய் திறக்கவில்லை.

5

வருடக் கடைசியில் பெற்றோர் நாள். பிள்ளைகளின் படக்கதைகளைச் சுவரில் மாட்டலாம் என்று நான்தான் சொல்லித் தொலைத்தேன். இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் பிள்ளைகள் மனதில் இருப்பதைப் பார்த்தால் கொஞ்சம் வெட்கப்படுவார்கள் என்று எனக்கு ஓர் ஆசை.

மேரி தாளைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். சாய்ந்த ஆறு கட்டங்கள். முதல் கட்டத்தில் அப்பா வாசலில் குந்தியிருக்கிறார். அடுத்ததில் அம்மா அரிசி டின்னைச் சுரண்டுகிறாள். மூன்றாவதில் சடக்கோரம் வாளி, அதில் பெருமாளின் எண் பெரிதாக எழுதியிருக்கிறது. நான்காவதில் அப்பா கையில் போத்தலோடு நிற்கிறார். ஐந்தாவதில் ஊற்றுகிறார். ஆறாவதில் மரத்துக்குப் பின்னால் இரண்டு கண்கள். குமிழிகளில் ஒரு சொல்கூட இல்லை.

கதவைச் சாத்திவிட்டு மெதுவாகத்தான் கேட்டேன்.

"மேரி, இதை வைத்துக்கொள். சுவருக்கு வேறு ஒன்று வரைகிறாயா?"

"ஏன் டீச்சர்? நல்லா இல்லியா?"

"நன்றாக இருக்கிறது. அதுதான் பயமாக இருக்கிறது. உன் அப்பாவைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போகும், தெரியுமா?"

"நீங்கதானே டீச்சர் வீட்டுல நடந்தத வரையச் சொன்னீங்க? நடக்காதத வரஞ்சா கிழிச்சிப் போடுவேன்னீங்க." தாளை விடாமல் பிடித்திருந்தாள். "சாந்தி என்கூடப் பேச மாட்டேங்குறா. அவளுக்குத் தெரியணும்."

அன்றைக்கே அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா பிலோமினா என்னை உள்ளே கூப்பிடவில்லை.

"படம் சொல்லிக் குடுக்கத்தானே வந்தீங்க டீச்சர்? எங்க வீட்டு அடுப்பப் பாக்கவா வந்தீங்க?"

"நீங்கள் சொன்னால் கேட்பாள். மாட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள்."

"சொல்லாம இருப்பேனா? ரெண்டு நாளா சோறு திங்காம கெடக்கு அந்தப் புள்ள. அவ அப்பா அந்தப் படத்தப் பாத்துட்டு மொகத்தத் திருப்பிக்கிட்டுப் படுத்துட்டாரு. நீங்க ஈப்போ போயிருவீங்க. நாங்க எங்க போறது?"

அந்தம்மா கேட்டதில் தப்பில்லை. பஸ்ஸில் வரும்போது பெரிய வாத்தியாரின் செம்பருத்தி எவ்வளவு புத்திசாலித்தனம் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக என்மேலேயே ஆத்திரம் வந்தது. வீட்டுக்காரரிடம் சொன்னேன். "பாஸ் புதுப்பிக்கிற நேரத்துல உனக்கு எதுக்குமா இந்த சூசா?" என்றார். சூசா என்றால் தொல்லை. இந்த நாட்டில் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல் போதும். உமா தட்டிலிருந்து நிமிர்ந்து, "அந்தப் பொண்ண என்ன பண்ணப் போறீங்க மா?" என்று தமிழிலேயே கேட்டாள்.

6

பெற்றோர் நாளன்று மேரி கையில் தாள் இல்லை. அப்பாடா, அம்மா பேச்சைக் கேட்டுவிட்டாள் என்று மற்றப் படங்களைக் குத்திக்கொண்டிருந்தேன். ஆட்கள் வரத் தொடங்கிய பிறகுதான் பார்த்தேன். சன்னலுக்குப் பக்கத்தில், ஒரு பெரியவர் கண்மட்டத்தில், பெஞ்சில் ஏறி அவளே மாட்டியிருக்கிறாள். என் கை அதை எடுக்கப் போனது. அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். இந்தப் பிள்ளையிடம் இத்தனை மாதம் உண்மையை வரை, உண்மையை வரை என்று கத்தியது யார்? கையை எடுத்துக்கொண்டேன்.

கையெழுத்துப் போட்டவர்கள் அறைக்குள் வந்தார்கள். போடாதவர்கள் வராந்தாவிலேயே நின்றார்கள். அந்தோணி வாசல் தூணில் சாய்ந்து வெளியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிராணி வெள்ளைச் சட்டையில் பெரிய வாத்தியாரோடு ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். பெருமாள் சாந்தியின் கையைப் பிடித்தபடி அவருக்கு முன்னாலேயே சன்னல் பக்கம் வந்துவிட்டார். மேரியின் படத்தை முதல் கட்டத்திலிருந்து கடைசிக் கட்டம்வரை பார்த்தார். திரும்ப ஒருதடவை பார்த்தார். சாந்தி தாளையும் மேரியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

கிராணி வந்து நின்றார். மூக்குக் கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டு குனிந்தார்.

"இது என்ன கத? வாளியில நம்பர் போட்டிருக்கே. பெருமாள், ஒன் நம்பர்தானே இது?"

தூணில் சாய்ந்திருந்த அந்தோணி நிமிர்ந்தார்.

பெருமாள் படத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "புள்ளைங்களுக்குத் தெரிஞ்ச நம்பர எழுதும் லா. கிறுக்கல்தானே ஐயா."

"இந்த ஆளு யாரு, போத்தலோட?"

"தாடி மீச ஒண்ணும் சரியா வரல. யாருன்னு சொல்றது?"

பெரிய வாத்தியார் வாழ்க்கையிலேயே ஒரே ஒரு நல்ல காரியம் செய்தார். "தேத்தண்ணி ஆறிடும், வாங்க வாங்க" என்று கிராணியின் முழங்கையைப் பிடித்து அடுத்த அறைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

எனக்கு உயிர் வந்தது. மேரிக்குத்தான் வரவில்லை. முகம் சிவந்து போய், அங்கே நின்ற எல்லாருக்கும் கேட்கும்படி, "பெருமாள் மாமா பொய் சொல்றாங்க டீச்சர்" என்றாள். "கிறுக்கல் இல்ல. நான் பாத்துப் பாத்து வரஞ்சேன்."

அவள் வாயைப் பொத்தலாமா என்று இருந்தது எனக்கு. பெருமாள் அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"நல்லாத்தான் வரஞ்சிருக்க. ஆனா அன்னிக்கு ரெண்டு வாளியும் கட்டிப்போச்சு. நீ ஒண்ணுதானே வரஞ்சிருக்க?"

மேரி சாந்தியைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"அத அப்பா ஊத்தல மாமா. அப்பா போத்தலப் போட்டுட்டுப் போயிட்டாரு. அதுல கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு. சாந்தி எங்க சிவப்புக் குச்சிய ஒடச்சிட்டான்னு எனக்குக் கோவம். நான்தான் ஊத்துனேன். அத வரைய எனக்கு வரல."

அதற்குமேல் சொல்ல முடியாமல் அவள் உடம்பு குலுங்கியது. நான் போய்த் தூக்கியிருக்க வேண்டும். உள்ளே இருந்தவர்கள் வெளியே பார்த்தார்கள், வெளியே இருந்தவர்கள் உள்ளே பார்த்தார்கள். சாந்தி அப்பாவின் கையிலிருந்து தன் கையை உருவிக்கொண்டு போய் மேரிக்குப் பக்கத்தில் நின்றாள். தொடவில்லை, சும்மா நின்றாள்.

பெருமாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். ஐந்து மாதமாக அந்தப் பெயரை வாயில் எடுக்காத மனிதர், வராந்தாப் பக்கம் திரும்பினார்.

"அந்தோணி, உள்ள வா. புள்ள அழுவுது பாரு."